நுகத்தடியில் இன்னொரு தோள்

1

‘நான் யார்?’ என்ற சின்னப் புத்தகத்தில் ரமணர் ஒரு ரயிலைக் காட்டுகிறார். எவ்வளவு சுமை ஏற்றினாலும் ரயில் அதை இழுத்துக்கொண்டு ஓடத்தான் போகிறது. அதில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஒருவர் தன் சிறிய மூட்டையை இறக்கி வைக்காமல் தலையிலேயே வைத்துக்கொண்டு எதற்கு அவதிப்பட வேண்டும் என்பது அவர் கேள்வி. 1901-02 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை விரூபாட்ச குகைக்கு வந்து கேட்ட கேள்விகளுக்கு, அதிகம் பேசாத அந்த இளைஞர் எழுதிக் காட்டிய பதில்களிலிருந்து வளர்ந்த நூல் அது. அவரும் 1896 செப்டம்பர் 1 அன்று ரயிலில்தான் திருவண்ணாமலைக்கு வந்து இறங்கினார். அந்த உவமை ஓர் அனுபவஸ்தருடையது.

இந்த ஊரில் டேனிஷ் மிஷன் பள்ளி, லுத்தரன் சபை என்று கிறிஸ்தவர்களுக்கும் பல தலைமுறை பழைய ஒரு வாழ்க்கை உண்டு. மலையைப் பார்த்துக்கொண்டே ஞாயிறு பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். எங்கள் வீட்டுக் காலண்டர்களில், தெரிந்தவர்களின் ஆட்டோ முதுகில், மத்தேயு பதினோராம் அதிகாரத்தின் ஒரு வசனம் தவறாமல் இருக்கும். பாரம் சுமப்பவர்களை இயேசு தன்னிடம் கூப்பிட்டு, இளைப்பாறுதல் தருகிறேன் என்று சொல்லும் இடம். காலண்டர் அத்தோடு நின்றுவிடும். மத்தேயு நிற்பதில்லை. அடுத்த வரியிலேயே இயேசு தன் நுகத்தை எடுத்துத் தோளில் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறார்.

யோசித்துப் பார்த்தால் விசித்திரமான அழைப்பு இது. களைத்துப்போய் வந்தவனுக்கு நாற்காலி போடாமல் நுகத்தடியை நீட்டுவது. ரமணர் மூட்டையை இறக்கு என்கிறார். இயேசு இதையும் தூக்கு என்கிறார். இருவரும் பேசுவது அமைதியைப் பற்றித்தான்.

கிறிஸ்தவர்கள் எதற்கெடுத்தாலும் சொல்லும் சமாதானம், ஸ்தோத்திரம் ஆகிய சொற்களுக்குள் உண்மையில் சரக்கு இருக்கிறதா, அல்லது வலியை வெளியே சொல்லாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடா? இந்தக் கேள்வி எனக்கு வெறும் இறையியல் சமாச்சாரம் இல்லை. முப்பதுகளில் இருக்கும் என் தலைமுறையில் யாரைப் பார்த்தாலும் அமைதியைத் தேடுகிறார்கள். அதை எங்கே தேடுகிறோம் என்பதைப் பொறுத்து நாம் விட்டுவிட்டுப் போகும் மனிதர்களும் மாறுகிறார்கள்.

2

அமைதியைத் தேடி இந்த மலைக்கு வந்த கிறிஸ்தவர்களில் எனக்கு மிக நெருக்கமானவர் ஒரு பிரெஞ்சுத் துறவி. பெயர் ஹென்றி லெ சோ. 1910இல் பிரிட்டனி கடற்கரையில் பிறந்தவர், பெனடிக்டைன் மடத்தில் சேர்ந்து பல வருடங்கள் அங்கே இருந்தவர். 1948இல் இந்தியாவுக்கு வந்தார். 1950இல் ஜூல்ஸ் மோன்ஷானின் என்ற இன்னொரு பிரெஞ்சுப் பாதிரியாரோடு சேர்ந்து குளித்தலை அருகே காவிரிக் கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார். சாந்திவனம் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். காவி கட்டினார். பூசையை விடவில்லை.

1949 ஜனவரியில் அவர் முதன்முதலாக ரமணாசிரமத்துக்கு வந்தார். எவ்வளவோ எதிர்பார்ப்போடு வந்தவருக்கு முதல் தரிசனம் ஏமாற்றமாக இருந்தது. எல்லாரும் உருகி உட்கார்ந்திருக்க, தனக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லையே என்ற துக்கம். அதை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். ஆசிரமத்தில் பழகிய எதெல் மெர்ஸ்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அவரிடம் நேராகவே சொன்னார்: நீங்கள் ஏகப்பட்ட மூட்டை முடிச்சோடு வந்திருக்கிறீர்கள், உங்களுக்கு வர வேண்டியது நீங்கள் போட்டு வைத்த வழியில்தான் வரணும் என்று அடம்பிடிக்கிறீர்கள் என்று. கூடவே காய்ச்சலும் வந்தது. காய்ச்சலில் அறிவு தளர்ந்த நேரத்தில்தான் ஏதோ ஒன்று உள்ளே போயிற்று என்கிறார் லெ சோ.

மூட்டை. அதே சொல். ரயிலில் ஏறிய பிறகும் தலையில் இருந்த மூட்டை.

1950 ஏப்ரல் 14 அன்று ரமணர் மறைந்தார். அதற்குப் பிறகும் லெ சோ அருணாசலத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார். 1952 தொடங்கி மலைக் குகைகளில் வாரக்கணக்கில் தங்கினார். பிச்சை வாங்கிச் சாப்பிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் இதைவிடச் சுமையற்ற வாழ்க்கை வேண்டுமா? குடும்பம் இல்லை, கடன் இல்லை, யாரும் ஃபோன் பண்ணிக் கூப்பிடப் போவதில்லை. ஆனால் அவருடைய நாட்குறிப்புகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்த வருடங்கள் எவ்வளவு வேதனையானவை என்று. குகையில் கண்ட அத்வைத அனுபவம் உண்மை என்றால், தான் உயிரைக் கொடுத்து நம்பிய கிறிஸ்து என்ன ஆவது? கிறிஸ்து உண்மை என்றால், இந்த மௌனத்தில் நடந்தது என்ன? இரண்டில் எதையும் அவரால் பொய் என்று சொல்ல முடியவில்லை. மலையின் அமைதிக்கு நடுவில் ஒரு மனிதர் வருடக்கணக்காகக் கிழிபட்டுக்கொண்டிருந்தார்.

குகைக்குள் போனால் சுமை வெளியே நின்றுவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது செருப்பு மாதிரி வாசலில் நிற்கிற பொருள் இல்லை.

3

நம் சுமைகள் லெ சோவுடையதைப் போலத் தத்துவார்த்தமானவை அல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு வரும் ப்ரொடக்‌ஷன் அலர்ட். அஞ்சாம் தேதி பிடிக்கப்படும் வீட்டுக் கடன் தவணை. அப்பாவின் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோவது. குழந்தைக்குக் காய்ச்சல், அன்றைக்குத்தான் ரிலீஸ். திருவண்ணாமலைக்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று: பௌர்ணமி அன்று பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம், பேருந்துகள் ஊருக்கு வெளியே நின்றுவிடும், ஒரு மருந்து வாங்க வேண்டுமென்றால் கூட்டத்துக்குள் நீந்தித்தான் போகணும். வெளியூர்க்காரர்கள் நிம்மதி தேடி நம் ஊருக்கு வரும் அதே ராத்திரியில், நாம் நிம்மதியைத் தொலைத்துவிட்டு ஸ்கூட்டரைச் சந்து சந்தாக ஓட்டிக்கொண்டிருப்போம்.

இதில் எந்த மூட்டையை இறக்கி வைப்பது? அப்பாவை இறக்கி வைக்க முடியுமா?

ரமணரும் அப்படிச் சொல்லவில்லை. குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே வந்துவிடட்டுமா என்று கேட்டவர்களை அவர் பெரும்பாலும் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். காட்டுக்குப் போனாலும் மனம் கூடவே வரும் என்பது அவர் பதில். ஆக, ரயிலில் இறக்கி வைக்கச் சொன்ன மூட்டை வேலை அல்ல, வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ‘நான்தான் இதையெல்லாம் தாங்குகிறேன்’ என்ற நினைப்பு. ரயிலில் ஏறியவர் ஊர் போய்ச் சேர வேண்டியது இருக்கவே செய்கிறது. மூட்டையும் கூடத்தான் வரப்போகிறது. தலைவலி மட்டும்தான் மிச்சம்.

இப்போது நுகத்தடிக்கு வருவோம். நம்மில் பலர் நுகத்தை அடிமைத்தனத்தின் சின்னமாகவே படித்திருக்கிறோம். ஏர் ஓட்டிய வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். நுகத்தடி இரண்டு மாட்டுக்கானது. ஒற்றை மாட்டுக்கு அது பாரம், ஜோடிக்கு அது கருவி. சரியாகச் செதுக்காத நுகம் கழுத்தைப் புண்ணாக்கும். ஏர் பழகாத புது மாட்டைப் பழகிய மாட்டோடு பூட்டுவார்கள். பழகிய மாடுதான் நடையைத் தீர்மானிக்கும், புதுசு அதன் பக்கத்தில் நடந்தே கற்றுக்கொள்ளும். இயேசுவின் அந்த வாக்கியத்திலும் நுகத்தை ஏற்பதும் தன்னிடம் கற்றுக்கொள்வதும் சேர்ந்தே வருகின்றன.

தமிழில் நாம் ‘மெது’ என்றும் ‘இனிது’ என்றும் படிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லுக்கு நல்லது, தகுந்தது, அன்பானது என்றெல்லாம் பொருள் உண்டு. உறுத்தாமல் பொருந்தும் நுகம். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், தச்சராக இருந்த நாட்களில் இயேசு கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். உண்மையோ செவிவழிச் செய்தியோ, எனக்கு அந்தப் படம் பிடிக்கும். ஒரு மாட்டின் கழுத்தைக் கையால் தடவிப் பார்த்து அளவெடுக்கும் தச்சர்.

ரயிலும் நுகமும் ஒன்றையே சொல்கின்றன என்று மழுப்ப நான் விரும்பவில்லை. ரயில் உவமையில் பயணி கடைசியில் உட்கார்ந்திருக்கிறார். நுக உவமையில் கடைசி வரை நடைதான், உழவுதான். ஒன்றில் சுமப்பவனே இல்லை என்று தெரிகிறது. மற்றதில் சுமப்பவர்கள் இரண்டு பேர் என்று தெரிகிறது. நள்ளிரவில் அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கும் ஒருவருக்கு இரண்டும் உதவலாம். ஆனால் உதவும் விதம் வேறு. கிறிஸ்தவம் சொல்லும் அமைதி வேலை முடிந்த பிறகு வருவதல்ல. பக்கத்தில் இன்னொரு தோள் இருக்கிறது என்ற அறிவு அது.

4

அறிவு என்றா சொன்னேன்? ஆமாம். நன்றியைப் பற்றிப் பேச அந்தச் சொல்தான் சரியான வாசல்.

திருக்குறளின் பதினோராவது அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். நாம் இன்று நன்றி என்றால் ‘தேங்க்ஸ்’ என்று நினைக்கிறோம். வள்ளுவரிடத்தில் நன்றி என்பது பெரும்பாலும் ஒருவர் செய்த நன்மையே. நாம் செய்ய வேண்டியது அதை அறிதல். அதாவது நன்றி ஓர் உணர்ச்சியாவதற்கு முன்பு ஒரு கவனிப்பு. நெஞ்சு உருகாவிட்டாலும் பரவாயில்லை, நடந்தது என்ன என்று தெரிந்திருக்கணும். எனக்கு இது பெரிய ஆறுதல். மாதக் கடைசியில் நெஞ்சு உருகும் நிலையில் நாம் இருப்பதில்லை.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவனிப்பு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஒரு சிஸ்டம் 99.9 சதவீதம் நேரம் ஓடணும் என்று ஒப்பந்தம் போடுகிறோம். அப்படியென்றால் வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் மட்டும் அது விழலாம். எங்கள் டேஷ்போர்டு, அலர்ட், வாராந்திரக் கூட்டம் எல்லாமே அந்த எட்டே முக்கால் மணி நேரத்தைப் பற்றியவை. மீதி எட்டாயிரத்துச் சொச்ச மணி நேரத்தைப் பற்றி யாரும் ஒரு டிக்கெட் போட்டதில்லை. வேலைக்கு அது சரியான முறைதான். ஆனால் பத்து வருடம் அந்த வேலையைச் செய்தவரின் மூளை வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே வேலை செய்கிறது. மனைவி, பிள்ளை, சொந்த உடம்பு எல்லாம் பழுதாகும்போது மட்டும் திரையில் வருகின்றன.

ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தத் துறையில் பிரபலம். தலைப்பிலேயே ஆசிகளை எண்ணுவதா பாரங்களை எண்ணுவதா என்று கேட்டார்கள். ஒரு குழுவிடம் வாராவாரம் நன்றிக்குரிய சில விஷயங்களை எழுதச் சொன்னார்கள், இன்னொரு குழுவிடம் எரிச்சலூட்டியவற்றை. முதல் குழு தன் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தது. இன்று நம் ஃபோனில் இருக்கும் நன்றி டைரி ஆப்கள் எல்லாவற்றுக்கும் இந்த மாதிரி ஆய்வுகள்தான் பாட்டன்.

இது பயனுள்ள பழக்கம், நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் கிறிஸ்தவ நன்றிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஆப்பில் எழுதும் நன்றிக்கு முகவரி கிடையாது. ‘இன்றைய காபிக்கு நன்றி’ என்று எழுதுகிறோம். யாருக்கு? காபிக்கா? கிறிஸ்தவர் சொல்லும் ஸ்தோத்திரத்தில் எதிரே ஒருவர் இருக்கிறார், அல்லது இருப்பதாக நம்பப்படுகிறார். நம்பாதவர்களுக்கு இது தேவையில்லாத சேர்க்கையாகத் தெரியலாம். நானும் எல்லா நாளும் அதை நம்பி எழுந்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முகவரி இருப்பதால் ஒரு விளைவு உண்டு. நன்றி போகும் அதே முகவரிக்குப் புகாரும் போகலாம்.

5

புகார் சொல்ல அனுமதி இல்லாத இடத்தில் நன்றி என்ன ஆகும் என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆட்குறைப்பு நடந்த ஒரு வாரத்தில், நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் எல்லாரையும் வீடியோ கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போனவர்களைப் பற்றி இரண்டு நிமிடம். பிறகு, நமக்கு வேலை இருப்பதற்காக நாம் நன்றியோடு இருக்கணும் என்று பத்து நிமிடம். அன்று நன்றி என்ற சொல் வாயில் வைத்த துணியாக இருந்தது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் கேட்டு வாங்கும் நன்றி எப்போதும் அப்படித்தான். பண்ணையாரின் திண்ணையிலிருந்து கண்ணாடிக் கட்டிடம் வரை அது மாறவில்லை.

சபைகளிலும் இது நடக்கிறது. இழவு வீட்டுக்கு வந்து, எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லணும் சிஸ்டர் என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், எங்கள் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் செத்துப்போனார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அந்தத் தெரு இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, ‘எல்லாவற்றுக்காகவும் நன்றி’ என்று ஒரு கட்டுரை எழுத முடியாது. எழுதக் கூடாது.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம் புதிய ஏற்பாட்டிலேயே மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று, சுமார் கி.பி. 50. ஸ்தோத்திரம் செய்யச் சொல்லும் பிரபலமான வரி அதில்தான் வருகிறது. அங்கே கிரேக்கத்தில் இருக்கும் முன்னிடைச்சொல் ‘உள்ளே’ என்ற பொருளைத் தருவது. நம் மொழிபெயர்ப்பாளர்களும் அங்கே ஏழாம் வேற்றுமையைத்தான் போட்டார்கள். எல்லாவற்றிலும். பிரசங்க மேடையில் அது அடிக்கடி நான்காம் வேற்றுமையாக நழுவிவிடுகிறது. எல்லாவற்றுக்காகவும். ஓர் உருபு மாறினால் ஒரு கடவுளே மாறிவிடுகிறார். முதலாவதில் பாறை சரிந்த இரவின் உள்ளே கூட நின்று மூச்சுவிட ஓர் இடம் இருக்கலாம் என்று நம்பிக்கை. இரண்டாவதில் பாறையைத் தள்ளியவருக்குக் கைகூப்பு.

எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் ‘எல்லாவற்றுக்காகவும்’ என்ற பொருளிலேயே ஓர் இடம் வருகிறதே என்று பைபிள் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வருகிறது, மறைப்பதற்கில்லை. அந்த வரியை எப்படிப் படிப்பது என்று தெரிய வேண்டுமானால், இயேசுவே நன்றி சொன்ன ஓர் இரவைப் பார்க்க வேண்டும்.

கடைசி இராப்போஜனத்தில் அவர் அப்பத்தை எடுத்து நன்றி சொன்னார் என்கின்றன சுவிசேஷங்கள். அந்த நன்றி சொல்லலுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்துதான் நற்கருணையைக் குறிக்கும் யூகாரிஸ்ட் என்ற பெயரே வந்தது. தன்னைக் காட்டிக்கொடுக்கப்போகிறவன் ஒரே மேஜையில் இருக்கும்போது சொன்ன நன்றி அது. காட்டிக்கொடுத்தலுக்கு அவர் நன்றி சொல்லவில்லை. ரொட்டிக்குச் சொன்னார். சில மணி நேரம் கழித்து அதே இரவில் தோட்டத்தில் குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம் தன்னைவிட்டு நீங்கக் கூடாதா என்று கெஞ்சினார். நன்றியும் மன்றாட்டும் ஒரே இரவில், ஒரே முகவரிக்கு. இவற்றில் ஒன்றைச் சொன்னவருக்கு மற்றதைச் சொல்ல உரிமை இல்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சங்கீதப் புத்தகத்தின் 150 பாடல்களில் பெரும் பகுதி புலம்பல். அநேகமாக எல்லாப் புலம்பலும் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் மட்டும் திரும்பாது. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. தொகுத்தவர்கள் அதற்கு ஒரு நல்ல முடிவைச் சேர்த்து ஒட்டியிருக்கலாம். ஒட்டவில்லை. நன்றி சொல்ல முடியாத மனிதனுக்கும் வேதத்துக்குள்ளே ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தார்கள். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் தெரிந்துகொண்டு போனால் போதும்.

எங்கள் உறவில் ஓர் அத்தை இருக்கிறார். பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் செய்து ஓய்வுபெற்றவர். பக்கவாதத்தில் விழுந்த மாமாவை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். கரண்ட் வந்தால் ஸ்தோத்திரம், தண்ணி லாரி வந்தால் ஸ்தோத்திரம். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“அத்தை, மாமா இப்படிப் படுத்ததுக்குமா ஸ்தோத்திரம் சொல்றீங்க?”

அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “அதுக்கு எதுக்குடா சொல்லணும்? அதுக்கு நான் ஆண்டவர்கிட்ட இன்னும் சண்டைதான் போட்டுக்கிட்டிருக்கேன். காலையில எழுப்புனப்ப மூஞ்சியப் பாத்துச் சிரிச்சாரு. அதுக்குச் சொன்னேன்.”

வேற்றுமை உருபு பற்றி நான் பத்தி பத்தியாக எழுதியதை அவர் அரிசி களைந்துகொண்டே சொல்லிவிட்டார்.

6

இனி சமாதானம். தமிழில் இந்தச் சொல்லின் பாடு பரிதாபம். அன்றாடப் பேச்சில் சமாதானம் சொல்வது என்றால் சாக்குச் சொல்வது. சமாதானப்படுத்துவது என்றால் அழுகிறவரைத் தட்டிக்கொடுத்து அழுகையை நிறுத்துவது. சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அதனால் கிறிஸ்தவ சமாதானமும் ஏதோ ஒரு தட்டிக்கொடுத்தல் என்றே கேட்கிறது. மூலத்தில் எபிரேயர்களின் ஷாலோம் என்ற சொல்லுக்கு முழுமை, குறைவின்மை, உறவுகள் நேராக இருத்தல் என்று விரிந்த பொருள். சத்தமில்லாமல் இருப்பது மட்டும் ஷாலோம் ஆகாது.

பவுல் பிலிப்பியருக்கு எழுதியது சிறையிலிருந்து. கவலையைப் பற்றிய அவருடைய ஆலோசனை அங்கேதான் வருகிறது. வேண்டியதைக் கேளுங்கள், நன்றியோடு சேர்த்துக் கேளுங்கள், அப்போது தேவ சமாதானம் உங்கள் மனதைக் காக்கும் என்பது அதன் சாரம். நான் பல தடவை கேட்ட பிறகுதான் இதில் எது இல்லை என்பதைக் கவனித்தேன். கேட்டது கிடைக்கும் என்று அவர் அங்கே சொல்லவில்லை. சிறைக் கதவு திறக்கும் என்று தனக்கே சொல்லிக்கொள்ளவும் இல்லை. கிடைப்பது காவல் மட்டும்.

அந்தக் ‘காக்கும்’ என்ற இடத்தில் அவர் போட்ட கிரேக்கச் சொல் படைத்துறைச் சொல். நகர வாசலில் படைவீரர்கள் நின்று காவல் காப்பதைக் குறிப்பது. பிலிப்பி ஓய்வுபெற்ற ரோமானியப் படைவீரர்கள் குடியேறிய ஊர். வாசகர்களுக்கு அது சட்டென்று புரிந்திருக்கும். ஆக இந்தச் சமாதானம் தூங்கும் குழந்தையின் முகம் போன்றது இல்லை. ராத்திரி முழுக்கக் கண் விழித்து நிற்கும் காவல்காரர் போன்றது. வெளியே சண்டை இருக்கும்போதுதான் காவலுக்கு வேலை. சுமையே இல்லாத ஒருவருக்கு இந்தச் சமாதானத்தால் பெரிய உபயோகம் இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

அத்தை அமைதியானவர் என்று பார்த்ததும் யாரும் சொல்ல மாட்டார்கள். பேச்சு அதிகம், கோபம் அதிகம். இருந்தும் ஆறு வருடத்தில் அவர் உடைந்து போகவில்லை. மாமாவை ஒரு சுமை என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. சபைப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்து மாமா பக்கத்தில் உட்காருகிறார்கள், அத்தை அந்த இரண்டு மணி நேரம் தூங்குகிறார். பக்கத்து வீட்டம்மா கோயிலுக்குப் போய்வந்த கையோடு ரேஷன் கடைக்கும் சேர்த்துப் போய் வருகிறார். நுகத்தின் இன்னொரு தோள் என்று சொன்னேனே, அது வானத்தில் மட்டும் இருக்கும் தோளாக இருந்திருந்தால் அத்தை எப்போதோ விழுந்திருப்பார். உங்களுக்குள் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கணும் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதை இந்தப் பெண்கள் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அமைதி தனிமனித சாதனை என்ற நம்பிக்கையில்தான் நாம் ஆப் வாங்குகிறோம், ரிட்ரீட் போகிறோம், கிடைக்காவிட்டால் நம் தியானத்தில் ஏதோ பிழை என்று நினைக்கிறோம். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு நாலு மணி நேரத் தூக்கம் போதவில்லை என்றால் அவருக்குத் தேவை இன்னொரு ஆள். அவரிடம் நன்றியைப் பற்றி உபதேசிக்க வருகிறவர், முதலில் ஒரு ராத்திரி உட்கார்ந்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

7

லெ சோவின் கதை குகையில் முடியவில்லை. அவர் பிற்பாடு வடக்கே போனார், கங்கைக் கரையில் வாழ்ந்தார். 1973 ஜூலை 14 அன்று ரிஷிகேஷில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது மாரடைப்பு வந்து தெருவோரத்தில் விழுந்தார். வயது அறுபத்து இரண்டு. தெரிந்த ஒரு பெண்மணி தற்செயலாக அந்த வழியாக வந்து பார்த்து உதவியதால் பிழைத்தார்.

பிழைத்த சில மாதங்களில் எழுதிய கடிதங்களிலும் குறிப்புகளிலும் பழைய கிழிபடல் இல்லை. அந்தத் தெருவோரத்தில் தான் தேடியது கிடைத்துவிட்டது என்ற தொனியிலேயே அவர் அதைப் பற்றி எழுதினார். விழிப்பு என்பதற்கும் நாம் இருக்கும் சூழ்நிலைக்கும் சம்பந்தமே இல்லை, வாழ்வா சாவா என்பதோடுகூடச் சம்பந்தமில்லை என்பதுதான் அவர் கண்டதாகச் சொன்னது. மாரடைப்பை ஒரு பெரிய அற்புதம் போல நினைவுகூர்ந்தார். மாரடைப்புக்காக அவர் நன்றி சொன்னாரா அல்லது மாரடைப்பிலா? நான் படித்தவரையில் ஏழாம் வேற்றுமைதான். 1973 டிசம்பர் 7 அன்று இந்தூரில் காலமானார்.

இருபது வருடத்துக்கும் மேல் மலையிலும் குகையிலும் ஆற்றங்கரையிலும் தேடிய மனிதருக்கு, பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பகலில் அது வந்தது என்பதைக் குகைகளுக்கு எதிரான வாதமாக நான் சொல்லவில்லை. அந்தக் குகைகள் இல்லாமல் அந்தத் தெருவோரம் அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் குகைக்குப் போக வழியில்லாத நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கதையில் ஒரு சேதி இருக்கிறது. பஸ் பிடிக்க ஓடும் இடமும் அந்த இடங்களில் ஒன்றுதான்.

அடுத்த பௌர்ணமிக்குச் சபைப் பெண்களின் அட்டவணையில் ஆள் குறைகிறது என்று அத்தை சொன்னார். கூட்டத்தில் வந்து சேர முடியாதாம். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரைக்கும் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு ஆன்-கால் டியூட்டியும் எனக்குத்தான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போகணும்.